பிரேக்கைத் தொடாதவன் தேய்த்த டிஸ்க்

மனித குலம் செய்த தவறுகளில் தலையாயது பிரேக்கைக் கண்டுபிடித்ததுதான். அதற்கு முன்பு வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் முன்னால் என்ன வருகிறது என்று பார்த்து ஓட்டினார்கள். பிரேக் வந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஓட்டுநருக்குக் கண் போதும். ஒரு கால் கிளட்சுக்கு, ஒரு கால் ஆக்சிலேட்டருக்கு. மனிதனுக்கு மூன்றாவது கால் முளைக்காததிலிருந்தே இயற்கையின் கருத்து என்னவென்று தெரியவில்லையா?

இந்தத் தத்துவத்தை அண்ணன்காரன் காலை ஏழரை மணிக்குச் சமையலறை வாசலில் நின்று, வாயில் பற்பசை நுரையோடு உலகுக்கு அறிவித்தான். உலகம் சார்பில் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை மேஜையில் காகிதங்களை அடுக்கி, நான்காவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நுரையைத் துப்பிட்டு வந்து பேசுடா. தரையெல்லாம் தத்துவம் சொட்டுது," என்றாள் அம்மா.

"இதையே மத்தியானம் மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி சொல்லிடாத, அண்ணா," என்றாள் தங்கை. "வண்டியோட சேர்த்து உன்னையும் தள்ளுபடி பண்ணிடுவார்."

அண்ணன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். நாள் முழுக்க மற்றவர்களைப் படுக்கவைப்பது தொழில் என்பதாலோ என்னவோ, வண்டியில் உட்கார்ந்தால் அவனுக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். கடையில் அவனுக்கு 'அஞ்சாம் கியர்' என்று பெயர். கேலிக்காக வைத்த பெயரை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டு நான்கு வருடம் ஆகிறது.

தங்கை போன மாதம் வரை ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவள். இரும்பை மயிரிழை சுத்தமாகக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து அளந்து, அண்ணன் வாயால் 'மைக்ரோ' என்று பெயர் வாங்கியவள். பட்டறை வேலையோடே பயிற்சியாளர் தேர்வு எழுதித் தேறி, இப்போது சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் தொடங்கப் போகிறாள். வீட்டுக் காரின் இடப்பக்கத்தில் பயிற்சியாளருக்கென்று இன்னொரு பிரேக் பெடலும் பொருத்தியாகிவிட்டது. "ஒரு அவமானம் போதாதுன்னு ரெண்டா?" என்று அண்ணன் அதற்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தான்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இன்று மூன்று மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கார் ஆய்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. பட்டறையில் அவளுடைய மெஷினில் வேறு ஆள் நின்றாகிவிட்டது. பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேரும் இரண்டு மாதம் காத்திருக்க மாட்டார்கள், பல் டாக்டரம்மா ஒருவரைத் தவிர. அவர் ஐம்பது வயதில் கார் ஓட்ட ஆசைப்பட்டு, "எப்பம்மா ஆரம்பிக்கலாம்?" என்று தினமும் போன் செய்கிறவர்.

"நேத்து மேம்பாலத்துல இறங்கும்போது பிரேக் போட்டேன்," என்றாள் தங்கை. "ஸ்டியரிங் கையில உதறுது. குளிர் ஜுரம் வந்த மாதிரி."

"ரோடு சரியில்ல."

"போன வாரம் போட்ட ரோடு."

"புது ரோடு. பழகல."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். கீழ வா. சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துடலாம்."

கடைக்கு லீவு போட்டிருந்தான். ஓட்டிக்கொண்டு போவதற்குத்தான் லீவு, கழற்றுவதற்கு அல்ல என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், ஏழாம் நம்பர் தூணுக்கும் யாரோ கைவிட்ட பீரோவுக்கும் நடுவே கார் நின்றது. தங்கை முன்சக்கரத்து நட்டுகளை முதலில் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை உருவினாள். பிரேக் பிடிக்கும் கவ்வியான காலிப்பரை அவிழ்த்து, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாதபடி ஒரு கம்பியில் தொங்கவிட்டாள். தட்டு போன்ற பிரேக் டிஸ்க் வெளியே தெரிந்தது. பெடலை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிப்பது இதைத்தான்.

"இதுக்கு மேல பெரிய வித்தை என்ன இருக்கு? கொண்டா," என்று அண்ணன் கனம் அளக்கும் வெர்னியரை அவள் கையிலிருந்து பிடுங்கினான். டிஸ்க்கின் ஓரத்தில் கவ்வக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிப் படித்தான். "இருபத்து நாலு புள்ளி மூணு. புதுசா வாங்கும்போது எவ்வளவு இருக்கணும்?"

"இருபத்து நாலு."

அண்ணன் வெர்னியரை இன்னொரு தரம் படித்தான். பிறகு எழுந்து நின்றான். ஒரு கண்டுபிடிப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதையல்ல.

"வளர்ந்திருக்கு," என்றான்.

"என்னது?"

"டிஸ்க். நாலு வருஷத்துல புள்ளி மூணு மில்லி மீட்டர் வளர்ந்திருக்கு. எல்லார் வண்டியிலயும் தேயும். என் வண்டியில வளருது. தொடாம விட்டா எதுவும் வளரும்னு நான் சொன்னப்ப யாரும் கேக்கல."

தங்கை சிரிக்கவில்லை. அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து டிஸ்க்கின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள். வழவழவென்று போன விரல் ஓரத்தில் ஒரு படியில் தட்டி ஏறியது.

"பேடு தேய்க்கிற இடம் இந்தப் பள்ளம். பேடு எட்டாத ஓரம் மட்டும் பழைய உயரத்துலயே நிக்குது. அதுக்கு மேல துரு வேற. நீ அந்த ரெண்டு மேட்டைக் கவ்வி அளந்திருக்க. தொப்பி போட்டுக்கிட்டு உயரம் அளக்கிற கதை."

மேல்சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தாள். மேட்டைத் தாண்டி உள்ளே விட்டு, திருகி, கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்தினாள். எட்டு இடத்தில் அளந்தாள். இரண்டு இடத்தில் எண் மாறியது. அந்த மாற்றம்தான் ஸ்டியரிங்கின் ஜுரம். மிகக் குறைந்த இடத்தில் இருபத்தொன்று புள்ளி இரண்டு.

"இங்க பாரு," என்று டிஸ்க்கின் நடுத்தொப்பியில் வார்ப்பிலேயே பொறித்திருந்ததைக் காட்டினாள். இருபத்திரண்டு. "இதுக்குக் கீழ போனா தூக்கிப் போடணும். கடைஞ்சு சமப்படுத்தலாம்னாகூட கடையறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல. இப்ப சொல்லு, பிரேக்கையே தொடாத மகராசன் கிட்டத்தட்ட மூணு மில்லி மீட்டரை எப்படித் தேச்ச?"

"காத்துல தேஞ்சிருக்கும்."

"காத்து கார் மேல எல்லாம் பட்டுச்சு, தேஞ்சது இது மட்டுமா?"

"ஐயோ, அளந்து அளந்தே உயிரை எடுக்கிறா!"

"நீயும்தான் அளக்கிற, நானும்தான் அளக்கிறேன். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை வெச்சான் பாரு, அவனைச் சொல்லணும்," என்றாள் தங்கை.

மணி ஒன்பது பத்து. ஆறு மணி நேரத்துக்குள் பழையதைக் கழற்றி, புதியது வாங்கி, மாட்டி, அதைப் பழக்கி, அலுவலக வாசலில் நிறுத்த வேண்டும். அவள் முகத்தில் பயம் இல்லை. விசில் அடிக்காத குறையாக ஒரு துள்ளல். பட்டறைக்காரிக்கு அவசர வேலை என்றால் திருவிழா மாதிரி. அந்தத் துள்ளல் ஜலதோஷம் மாதிரி அண்ணனுக்கும் ஒட்டிக்கொண்டது. அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தியலை எடுத்தான்.

டிஸ்க் வரவில்லை. நான்கு வருடத் துரு அதை, சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒன்றாக்கியிருந்தது. அண்ணன் தட்டினான். அடித்தான். பிறகு, கடையில் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வை வாங்கிக்கொண்டு போன மேனேஜரின் மருமகனை நினைத்துக்கொண்டு அடித்தான். கீழ்த்தளம் முழுக்கக் கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. இரண்டாவது மாடிப் பால்கனியில் அம்மாவின் தலை தெரிந்தது.

"டேய், அது உன்னை என்னடா பண்ணிச்சு?"

"வர மாட்டேங்குதும்மா!"

"நீ கூப்பிடற மாதிரி கூப்பிட்டா யாருடா வருவா?"

தங்கை அவனை ஒதுங்கச் சொன்னாள். டிஸ்க்கின் முகத்தில் இரண்டு சிறு ஓட்டைகள் இருந்தன. அண்ணன் அவற்றை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தான். அவற்றில் இரண்டு போல்ட்டுகளைச் செருகி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினாள். போல்ட்டுகளின் முனை ஹப்பை முட்டி, டிஸ்க்கைப் பின்னாலிருந்து வெளியே தள்ளியது. முதலில் ஒரு கிறீச். அப்புறம் ஒரு மௌனம். பிறகு, டங்!

"வந்துடுச்சு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அண்ணன் உடனே தொண்டையைச் செருமினான். "நான் அடிச்சதுல ஏற்கெனவே இளகியிருந்தது" என்று சேர்த்துக்கொண்டான்.

பழைய டிஸ்க்கைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் பறந்தான். "அளவு கேப்பாங்க, பழசைக் கையோட கொண்டு போ" என்று சொன்னது தங்கை. வண்டிப் பெயர் சொன்னால் போதாதா என்று சிரித்தது அவன். கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்டதும், "அதுல ரெண்டு சைஸ் உண்டே, சின்னதா பெரிசா?" என்றார். அண்ணன் தலையணை உறையைக் கவிழ்த்தான்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். டிஸ்க்கின் ஓர மேட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஓட்டியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க இந்த வண்டியை ஓட்டினது?"

"ஏன்?"

"பிரேக் மேலேயே குடித்தனம் நடத்தியிருக்காங்களே. சமையல் மட்டும்தான் பண்ணல."

அண்ணன் அந்தக் கேள்வியைத் தராசில் வைத்துப் பார்த்தான். "என் தங்கச்சி," என்றான்.

"கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"சொன்னா எங்க கேக்கறா."

"ரெண்டு டிஸ்க்கும் ஜோடியா மாத்தணும், பேடும் புதுசு. ஒத்தைச் செருப்பு மட்டும் வாங்குவீங்களா, அந்த மாதிரிதான்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் இரண்டு பெட்டிகள். என்ன கனம்! முதல் சிக்னலில் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். வெள்ளி நிலா மாதிரி ஒரு வட்டம். இரண்டாவது சிக்னலிலும் பார்த்தான். அடுத்த சிக்னல் பச்சையாக இருந்தது அவனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"பாரு, கண்ணாடி மாதிரி!" என்று தங்கையிடம் நீட்டினான், தானே வார்த்து எடுத்து வந்தவன் போல.

"அந்தப் பளபளப்பு எண்ணெய். துரு பிடிக்காம இருக்கப் பூசி அனுப்பியிருக்காங்க. இதோட மாட்டினா பேடு வழுக்கும்." டிஸ்க்கின் இரண்டு முகத்திலும் கிளீனர் பீய்ச்சி, வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணி கறுத்தது. புதுத் துணி எடுத்தாள். அது பழுப்பானது. மூன்றாவது துணி வெள்ளையாகவே இருந்தது.

"அழகா இருக்கில்ல?" என்று அண்ணன் அதன் முகத்தில் ஆசையாக ஒரு விரலை வைத்தான்.

"தொடாத!"

விரல் ரேகை ஐந்து சுற்றோடு தெளிவாகப் பதிந்திருந்தது. நான்காவது துணி.

பிறகு ஹப்பின் முகத்தை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கும் வேலை அவனுக்கு வந்தது. ஹப்புக்கு எதற்கு பேஷியல் என்று கேட்டான். காகிதக் கனத்தில் ஒரு துருத் துணுக்கு அங்கே இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும், அதன் ஓரம் ஆடும், மறுபடியும் ஜுரம் வரும் என்றாள். அவன் தேய்த்தான். ஹப் மினுமினுக்கும் வரை தேய்த்தான். போதும் என்று அவள் சொன்ன பிறகும் இரண்டு தேய் தேய்த்தான். டிஸ்க் உள்ளே வழுக்கிப் போய், தட்டென்று ஹப்பில் உட்கார்ந்தது. கையால் சுற்றிவிட்டாள். அலுங்காமல் சுழன்றது. இருவரும் குனிந்து, மூச்சை அடக்கி, அது நிற்கும் வரை பார்த்தார்கள்.

புதுப் பேடு தடிமன் என்பதால், காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனை ஒரு கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளி இடம் பண்ணினாள். வலது முடிந்தது. இடது பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது. இப்போது சுத்தியலுக்கு யாரும் கை நீட்டவில்லை.

பன்னிரண்டு நாற்பது. சக்கரங்கள் தரையில். தங்கை கருவிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கிளப்பறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சுக்கோ."

"நிக்கிற வண்டிக்கு பிரேக்கா? ஊர் சிரிக்கும்," என்று அண்ணன் ஏறி, சாவியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டான்.

கீழ்த்தளம் வாசலை நோக்கிச் சரிவானது. கார் பின்னால் உருண்டது. வாசலில் முதல் மாடிக்காரரின் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. பதினோரு தொட்டிகள், பிள்ளை மாதிரி வளர்ப்பவர். அண்ணன் ஒரு பேச்சுக்கு பிரேக்கில் கால் வைத்தான். கால் உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. அவன் விற்பதிலேயே விலை கூடிய மெத்தையில்கூட இவ்வளவு ஆழம் போகாது. பெடல் தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை.

"பிரேக்!" என்று அலறினான். "பிரேக்! ஐயோ, பிரேக்! அம்மா, பிரேக்!"

"விட்டு விட்டு மிதி!" என்று தங்கை கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "நிறுத்தாம மிதி!"

இரண்டாவது மிதியில் பாதி வழியில் ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவதில் பெடல் கல்லாக இறுகி, கார் நின்றது. பம்பருக்கும் முதல் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தங்கையிடம் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்.

பால்கனியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காலையில பிரேக்கே வேண்டாம்னு ஒருத்தர் பேசிக்கிட்டிருந்தாரே, அவர் எங்க? கொஞ்சம் வரச் சொல்லு."

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். தங்கை ஜன்னலில் குனிந்தாள்.

"பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கோம்ல. மிதிச்சு மிதிச்சுதான் அது திரும்ப வந்து பேடைத் தொடும். சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. எனக்குத்தான் கௌரவம் இடம் கொடுக்கல."

அவள் மணியைப் பார்த்தாள். காகிதங்களைச் சரிபார்க்கும் ஜன்னல் ஒன்றரைக்கு மூடிவிடும். அவள் உடனே பஸ் பிடித்தாக வேண்டும். காரை மூன்று மணிக்குக் கொண்டு வரவேண்டியவன் இவன். வேறு ஆள் கிடையாது. இவனை நம்புவதா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஓடிய கணக்கு அவனுக்கே தெரிந்தது.

"கவனமாக் கேளு. புது டிஸ்க்கும் புது பேடும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். அறுபதுல போ. பெடலை மெதுவா அழுத்திப் பத்துக்குக் கொண்டு வா. நிறுத்தாத. மறுபடி அறுபது. நடுவுல அரை நிமிஷம் ஆற விடு. இப்படி முப்பது தடவை. அவசரப்பட்டு நாலு தடவை ஓங்கி மிதிச்சேன்னு வெச்சுக்கோ, பேடு அங்கங்க தீஞ்சு டிஸ்க்குல திட்டுத் திட்டா ஒட்டிக்கும். ஸ்டியரிங் மறுபடி உதறும். அப்புறம் ரெண்டு மாசம் நான் வீட்டுல உக்காந்து உன் தத்துவத்தைத்தான் கேக்கணும்."

"முப்பது தடவை தடவிக் கொடுக்கணுமா? தாலாட்டும் பாடட்டுமா?"

"எண்ணு," என்றாள் தங்கை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனையல்ல, சக்கரங்களை.

கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான சாலை ஒன்று உண்டு. அண்ணன் அங்கே அறுபதைத் தொட்டபோது மணி ஒன்று இருபது. மெதுவாக அழுத்தினான். பத்து. 'ஒண்ணு' என்றான், மனசுக்குள். கேவலமாக இருந்தது. அஞ்சாம் கியர் என்று பெயரெடுத்தவன் வெறும் சாலையில், எதிரே ஒரு பூனைகூட இல்லாமல் பிரேக் போடுகிறான். மெத்தைக் கடை ஆட்கள் யாராவது பார்த்தால் பெயரை மாற்றிவிடுவார்கள். இரண்டு. மூன்று. கிடங்கின் கடைசியில் திரும்பினான். நான்கு.

ஏழாவதில் ஒரு விஷயம் தெரிந்தது. பெடலில் இருந்த சொரசொரப்பு குறைகிறது. பத்தாவதில் கார் வேகம் குறைவது காலில் தெரிந்தது. சரிவில் இறங்கும் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வருவது போல இருந்தது. பன்னிரண்டாவதில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தான். உதறல் இல்லை. "அட!" என்று உரக்கவே சொன்னான். பதின்மூன்று! பதினான்கு! ஜன்னல் வழியாகச் சூடான புது உலோக வாசனை வந்தது. நாற்றம்தான். ஆனாலும் மூக்கை வெளியே நீட்டி மோந்தான்.

ஒரு தண்ணீர் கேன் சைக்கிள்காரர் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். அறுபதில் அவரைத் தாண்டிப் போன கார் பத்துக்கு வந்தது, அவர் நெருங்கும்போது பறந்தது, திரும்பி எதிரே வந்தது, மறுபடி தவழ்ந்தது. ஐந்தாவது சந்திப்பில் அவருக்குப் பொறுக்கவில்லை. தவழும் ஜன்னலோடு சேர்ந்து மிதித்தார்.

"வண்டி ரிப்பேரா, சார்?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உங்களுக்குத்தான் ஏதாவதா?"

"எனக்கும் ஒண்ணுமில்லீங்க."

"வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

"தங்கச்சிதான் அனுப்பிச்சா."

"ஓஹோ," என்றார் அவர், எல்லாம் புரிந்தவர் போல. கனிவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் வேகமெடுத்தான். அப்போதுதான் நெஞ்சில் ஒன்று இடறியது. கடைசியாகப் போட்டது பத்தொன்பதா, இருபதா? பதினெட்டு நினைவிருக்கிறது. அது திரும்பும் முனையில். அதன் பிறகு சைக்கிள்காரரின் அருகே தவழ்ந்தது ஒன்று. அதற்கு முன் ஒன்று உண்டா? இருபது என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்தச் சாலையில் சாட்சி சொல்ல சைக்கிள்காரர் ஒருவர். அவர் இவன் புத்தியைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்தாகிவிட்டது.

ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அளக்கவும் ஒரு கருவி வைத்திருப்பாள்.

மணியைப் பார்த்தான். ஒன்று நாற்பது. நேரம் இருந்தது. பெருமூச்சு விட்டான். அறுபதைத் தொட்டான். பெடலில் காலை வைத்தான்.

"ஒண்ணு," என்றான்.

போக்குவரத்து அலுவலகத்தின் பின்வாசலில் அவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மூன்றுக்கு எட்டு நிமிடம் இருந்தது. தங்கை வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஓடி வந்தாள்.

"முப்பதும் போட்டியா?"

வழியெல்லாம் அவன் தயார் பண்ணி வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது வேறு. நான்கு வருடப் பட்டத்தை ஒரு நொடியில் எப்படிக் கழற்றுவது?

"நானா? எண்ணிக்கிட்டா? கால் போன போக்குல ரெண்டு மூணு போட்டேன். போதும்."

அவள் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், "அடுத்த வண்டி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

காதில் பேனா செருகியிருந்த ஆய்வாளர் முதலில் விளக்குகளைப் பார்த்தார். ஹாரனைக் கேட்டார். இடப்பக்கப் பெடலை மிதித்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு முன்சக்கரங்களைத் தரையில் பதித்திருந்த உருளைகளின் மேல் ஏற்றச் சொன்னார். உருளைகள் சக்கரங்களைச் சுழற்றும். பிரேக் போட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்கிறது என்று சுவரில் இரண்டு முட்கள் காட்டும். ஒன்று ஏறி ஒன்று தங்கினாலோ, ஏறும்போது நடுங்கினாலோ வண்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தங்கை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணன் கோட்டுக்கு வெளியே நின்றான். உருளைகள் உறுமின. "மிதிம்மா, மெதுவா," என்றார் ஆய்வாளர்.

முட்கள் அசைந்தன. அண்ணன் தன் வலது காலும் சிமெண்டுத் தரையை அழுத்துவதைக் கவனிக்கவில்லை. இடது முள் ஏறியது. வலது முள் ஏறியது. ஒன்றையொன்று விடாமல், கைகோத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் இரட்டைப் பிள்ளைகள் போல ஏறின. நடுக்கம் இல்லை. பச்சைக் கட்டத்துக்குள் போய் ஒரே உயரத்தில் நின்றன.

ஆய்வாளர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். "யாரும்மா வேலை பார்த்தது?"

"நாங்கதான் சார். வீட்டுல."

"காலையில இருந்து பதினாறு வண்டி பார்த்துட்டேன். முள்ளு இப்படி நிக்கவேயில்ல," என்று சீட்டில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தங்கை வெளியே வந்ததும் போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற அடுத்த வண்டிக்காரர் பயந்து ஹாரன் அடித்தார். அவள் அண்ணன் முதுகில் ஒரு அறை, தோளில் ஒரு அறை. அம்மாவுக்கு போன். பிறகு நின்று, குனிந்து, சக்கரத்தின் இடைவெளி வழியாக டிஸ்க்கைப் பார்த்தாள். காலையில் வெள்ளியாக இருந்த முகம் முழுவதும் திட்டு இல்லாமல், ஒரே சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. அந்தப் பக்கம் போய் அதையும் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ரெண்டு மூணு போட்டா இப்படி வராதே."

"கால் ராசி," என்றான் அண்ணன். அவன் எங்கோ ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். எதையும் அளக்காமல் சாவியை அவனிடம் எறிந்தாள். "நீயே ஓட்டு. எனக்குப் பேச வேண்டிய ஆளு இருக்கு."

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கால்மாட்டில் தன் சொந்தப் பெடல் மினுங்க, பல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். "ஆன்ட்டி! தேறியாச்சு! நாளைக்குக் காலையில ஆறரைக்கு ரெடியா இருங்க!" மறுமுனையில் எழுந்த ஆரவாரம் அண்ணன் காது வரை கேட்டது.

மேம்பாலத்திலிருந்து கார் இறங்கியது. கீழே, நூறு அடி தூரத்தில், சிக்னல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடி சரிசெய்வது எப்படி என்று டாக்டரம்மாவுக்கு இப்போதே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறு வண்டி இல்லை.

அண்ணன் பெடலின் மேல் காலை வைத்து, தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடும் பதத்தில் மெல்ல மெல்ல அழுத்தினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் கார் நின்றது. கிடங்குச் சாலையில் இதே பதத்தில் போட்டவை, குறைத்தே எண்ணினாலும், முதலில் பத்தொன்பது, பிறகு முப்பது.

"ஐம்பது," என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.